மில்டனும் 'நோட்ஸும்'

தமிழ்வழியில் பயின்று, முதுநிலை ஆங்கில இலக்கியத்தில் சேரும் மாணவர் தொடக்கத்திலேயே சாசரைச் சந்திக்கிறார். அது பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலம். ஆங்கிலப் புலமை பெற்றோருக்கே உரை தேவைப்படும். அடுத்து மில்டன். 'இழந்த சொர்க்கம்' காவியத்தின் ஒன்பதாம் காண்டம் மட்டும் 1,189 அடிகள். ஒரு பருவத்தில் இவற்றோடு வேறு தாள்களும் உண்டு.

மாணவர் மூலநூலை விடுத்து, கடையில் விற்கும் 'நோட்ஸை' நாடுகிறார். இதைச் சோம்பல் என்று கடிந்துகொள்வோர் பலர். பொருளியல் கற்பித்த என்னால் அதை ஏற்க இயலவில்லை. கதைச்சுருக்கம் எழுதினாலே மதிப்பெண் கிடைக்குமெனில், மூலத்தைப் படிக்கும் உழைப்புக்குத் தேர்வுமுறை கூலி தருவதில்லை என்றே பொருள். பின்னர் எழுதும் 'நெட்' தேர்விலும் பாடத்தாள் 100 கொள்குறி வினாக்கள்தாம். சொந்தமாக ஒரு பத்திகூட எழுத வேண்டியதில்லை.

இன்னோர் இழப்பு, வகுப்பில் தமிழுக்கு இடமில்லாதது. மில்டனின் சாத்தானைக் கண்டதும், பள்ளியில் கம்பனைப் படித்தவருக்கு இராவணன் நினைவுக்கு வருவான். அதைச் சொல்லத்தான் வழியில்லை. இத்தனைக்கும் கம்பனை மில்டனோடு ஒப்பிட்டு வ.வே.சு. ஐயர் ஆங்கிலத்திலேயே நூல் எழுதியிருக்கிறார். பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு உள்ள 25 மதிப்பெண்களில் பத்தையாவது இத்தகைய ஒப்பீட்டுக் கட்டுரைக்கு ஒதுக்கலாம். அரசுக்கு இதனால் ஒரு ரூபாயும் செலவில்லை.