திறப்பைத் திருப்பியும் அசையாத இயந்திரம்

தை மாதத்து அதிகாலையில் ரொறன்ரோ எப்படியிருக்கும் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் எடுத்துக்கூற வேண்டியதில்லை. ஆறு மணிக்குத் தொழிற்சாலையில் நிற்கவேண்டும். திறப்பைத் திருப்பினால் காரில் அசைவேயில்லை. பிந்தினால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் ஒருபுறம். கராஜுக்குக் கொடுக்கப் பணத்துக்கு எங்கே போவது என்ற கவலை மறுபுறம்.

கடந்த குளிர்காலத்தில் நாமும் இவ்வாறு நின்றோம். ஸ்ராட்டர் பழுதென்று ஒரு கராஜில் கூறினார்கள். கேட்ட பணத்தைக் கொடுத்து மாற்றினோம். மூன்றாம் நாள் மீண்டும் அதே மௌனம். கீழ்வீட்டுத் தம்பி ஒருவர் வந்து, பற்றரி முனையில் படிந்திருந்த வெண்பச்சைப் படிவைத் துடைத்து, தளர்ந்திருந்த இணைப்பை இறுக்கினார். கார் உடனே உறுமியது. கராஜில் பற்றரி இணைப்பைக் கழற்றிப் பூட்டியதனாலேயே இடையில் இரண்டு நாள் ஓடியது என்பது அப்போதுதான் விளங்கியது. பட்டறிவு விலைகொடுத்து வாங்கப்பட்டது. அதனை வாசகர்கள் இலவசமாகப் பெறட்டும்.

கேள்வியை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள் என்று வகுப்பறையில் எத்தனை முறை கூறியிருப்போம்! இங்கும் அதுவே முதற்பாடம். இயந்திரம் சுழன்றும் பற்றிக்கொள்ளாதிருப்பது ஒரு நோய். சுழலவே மறுப்பது வேறொரு நோய். முன்னையது எரிபொருளையும் தீப்பொறியையும் சார்ந்தது. பின்னையது பெரும்பாலும் மின்சாரத்தைச் சார்ந்தது. நாம் இங்கு கூறுவது பின்னையதைப் பற்றியே.

முதலில் கியர் சரியான இடத்தில் உள்ளதா எனப் பாருங்கள். ஓட்டோமற்றிக் கார் 'பார்க்' அல்லது 'நியூற்றல்' நிலையில் இருக்கவேண்டும். கைக்கியர் காராயின் கிளச்சை முழுமையாக மிதிக்கவேண்டும்.

அடுத்து, முன்விளக்குகளை ஏற்றிவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்கினாலோ, 'டக டக' என்ற தொடரொலி எழுந்தாலோ பெரும்பாலும் பற்றரியில் வலுவில்லை, அல்லது அதன் இணைப்பில் குறையுண்டு. வெளிச்சம் மங்காமல் ஒரேயொரு 'டக்' மட்டும் கேட்டால் ஸ்ராட்டரைச் சந்தேகிக்கலாம். வெளிச்சம் குன்றாமல் ஒலியே இல்லையெனில் ஃபியூஸ், றிலே, கியரின் பாதுகாப்பு ஆளி ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். பற்றரி நல்லதாயிருந்தும் இயந்திரம் இறுகி நின்றால் மேலும் வலிந்து முயலாதீர்கள். அது மெக்கானிக்கின் வேலை.

மலிவாகக் கிடைக்கும் வோல்ற்மானி ஒன்று வீட்டிலிருப்பது நன்று. ஓய்விலிருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவில் காட்டும். 12 வோல்ற்றுக்கு இறங்கினால் அது ஏறத்தாழ வெறுமையானது. கார் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டாவிட்டால் பொதுவாக மின்னேற்றும் அல்ரனேற்றரில் குறையிருக்கும். அந்நிலையில் புதுப் பற்றரி வாங்கியும் பயனில்லை. மறை 18 பாகை செல்சியஸ் குளிரில் பற்றரியின் வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதேவேளை இயந்திர எண்ணெய் தடித்து, சுழற்றுவதற்குக் கூடுதல் வலுவைக் கேட்கும். கோடையில் உழைத்த பற்றரி குளிரில் கைவிடுவது இதனாலேயே.

முனைகளைத் துப்புரவாக்கும்போது மறைமுனையை முதலிற் கழற்றுங்கள். அப்பச்சோடா கலந்த நீரும் பழைய பல்தூரிகையும் போதும். பூட்டும்போது மறைமுனை கடைசியாக வரவேண்டும்.

அயலவர் காரிலிருந்து 'பூஸ்ற்' எடுப்பதாயின் வரிசை முக்கியம். சிவப்புக் கேபிளை முதலில் வலுவிழந்த பற்றரியின் நேர்முனையிலும், பின் நல்ல பற்றரியின் நேர்முனையிலும் பூட்டுக. கறுப்பை நல்ல பற்றரியின் மறைமுனையிற் பூட்டி, மறுநுனியை உங்கள் காரின் இயந்திரத்தில் பற்றரிக்குத் தூரமான வெற்று உலோகத்தில் கொளுவுக. பற்றரியிலிருந்து வெளியேறும் ஐதரசன் வாயு சிறு பொறிக்கும் வெடிக்கக்கூடும். உறைந்துபோன பற்றரிக்கு ஒருபோதும் 'பூஸ்ற்' கொடுக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் பின்னர் கராஜுக்குப் போக நேர்ந்தால் வாய்திறந்து கேளுங்கள். பற்றரியைச் சோதித்தீர்களா? முனைகளைப் பார்த்தீர்களா? ஸ்ராட்டருக்கு மின்சாரம் சென்றடைகிறதா? ஒன்ராறியோச் சட்டப்படி, வேலை தொடங்குமுன் எழுத்திலான மதிப்பீட்டைக் கேட்டுப் பெறலாம். இறுதித் தொகை அதனை 10 வீதத்துக்குமேல் மிஞ்சலாகாது. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டுப் பெறலாம். நாம் இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. ஆங்கிலம் தடுமாறும் என்ற கூச்சமே காரணம். தடுமாறிய ஆங்கிலத்தில் கேட்ட கேள்வியும் கேள்விதான்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, மண்ணெண்ணெயில் வண்டியோட்டியவர்கள் யாழ்ப்பாணத்து மக்கள். அன்று எமக்கிருந்த கைத்துணிவு குளிர்நாட்டுக்கு வந்ததும் எங்கே போயிற்று? இந்த வார இறுதியில், வெளிச்சமும் ஓய்வும் உள்ள நேரத்தில், ஒருமுறை பொனற்றைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளையும் அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள்.