ஓட்டுக்கு வந்த குப்பை

"குப்பைக்குன்னு ஒரு கட்சி ஆரம்பிச்சா நாலு ஓட்டாவது விழுமுங்களா?" என்று எங்கள் இயற்கை உழவர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அப்படியும் நடந்திருக்கிறது.

லெபனான் நாட்டுத் தலைநகர் பெய்ரூட். அந்த நகரத்துக் குப்பையை நாமே என்ற ஊரில் கொட்டி வந்தார்கள். தற்காலிகம் என்று சொல்லி 1990-களில் திறந்த கிடங்கு அது. ஊர்க்காரர்கள் பொறுத்துப் பார்த்து, கடைசியில் எதிர்த்து நின்றார்கள். 2015 ஜூலையில் கிடங்கு மூடப்பட்டது. மாற்று ஏற்பாடு ஒன்றுமில்லை. தெருவெல்லாம் குப்பை மலை. மறு வருடம் மே மாதம் நகராட்சித் தேர்தலில் 'பெய்ரூட் மதீனத்தி', அதாவது 'பெய்ரூட் என் நகரம்' என்ற பெயரில் 24 பேர் நின்றார்கள், பாதிப் பேர் பெண்கள். கணிசமான ஓட்டு விழுந்தது. ஆனால் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை.

தோற்றதால் வீண் என்று சொல்ல மாட்டேன். நம்ம மொடக்குறிச்சியை மறக்க முடியுமா? 1996 சட்டமன்றத் தேர்தலில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்ததில் மொத்த வேட்பாளர்கள் 1,033 பேர். ஓட்டுச்சீட்டே புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. விவசாயி கோரிக்கையை நாடே திரும்பிப் பார்த்தது. அரசாங்கம் செய்ததோ, டெபாசிட் தொகையை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு உயர்த்தியதுதான்!

ஆனால் எனக்குப் பிடித்த உதாரணம் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது. திருவனந்தபுரம் மாநகராட்சியின் குப்பை ஆலை விளப்பில்சாலை என்ற கிராமத்தில் 2000-ல் வந்தது. நாற்றமும் கழிவுநீரும் தாங்காமல் 2011 டிசம்பரில் கிராம ஊராட்சியே ஆலையைப் பூட்டியது. நீதிமன்ற உத்தரவோடும் போலீஸ் காவலோடும் 2012-ல் லாரிகள் வந்தன. ஊரே ரோட்டில் உட்கார்ந்து திருப்பி அனுப்பியது. ஊராட்சித் தலைவி ஷோபனகுமாரி உண்ணாவிரதம் இருந்தார். புதுக் கட்சி எதுவும் பிறக்கவில்லை, ஊருக்கு ஒரே கொள்கை இருந்தது, அவ்வளவுதான்.

கொட்ட இடமில்லாத திருவனந்தபுரம், வழியில்லாமல், குப்பையை உண்டாகும் இடத்திலேயே மக்க வைக்கப் பழகியது. வீடுகளில் குழாய், தொட்டி. பொது இடங்களில் தும்பூர்முழி முறை. இது கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. நாலடிக்கு நாலடி, காற்றோட்டமுள்ள பெட்டி. அடியில் அரையடி சாணம், மேலே காய்ந்த இலை, அதன்மேல் சமையல் கழிவு; இப்படி அடுக்கிக்கொண்டே போனால் சுமார் 90 நாளில் எரு. காற்று உள்ளே போவதால் நாற்றமில்லை. நம்ம தோட்டத்து எருக்குழிக்குச் சித்தப்பா மகன் மாதிரிதான்.

இப்போது வெள்ளலூருக்கு வருவோம். ரோமானியக் காசுகள் கிடைத்த பழம்பெரும் ஊர். இன்று பேரைச் சொன்னால் கோவை மாநகராட்சியின் சுமார் 650 ஏக்கர் குப்பைக் கிடங்குதான் நினைவுக்கு வருகிறது. 2024 ஏப்ரலில் பற்றிய தீ அணைய நாள்கணக்கில் ஆனது. கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. 2022 உள்ளாட்சித் தேர்தலில் வெள்ளலூர் தனிப் பேரூராட்சி. குப்பை அனுப்பும் மாநகராட்சியின் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க அந்த ஊர்க்காரருக்கு ஓட்டில்லை. நாற்றம் ஒரு இடம், அதிகாரம் வேறு இடம். அதனால் கேள்வியை நகரத்துக்காரர்தான் அவர் வார்டில் கேட்கணும்.

நமக்கு இதில் என்ன என்கிறீர்களா? நம்ம மண்ணுக்கு அங்ககப் பொருள் வேணும். அது நகரத்தில் நெகிழியோடு கலந்து வீணாகிறது. கலந்த குப்பையை மக்க வைத்துச் சலித்தாலும் கண்ணாடித்தூளும் கன உலோகமும் போகாது. நகரக் கம்போஸ்ட்டில் கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம் தாண்டக்கூடாது என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை. 2016-ல் மத்திய அரசு இந்த உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. மானியம் வந்தாலும் தரம் வீட்டு வாசலில்தான் தீர்மானமாகிறது. வீட்டிலேயே பிரிக்கணும் என்று அதே 2016-ல் வந்த விதிகளும் கூறின. அமல்படுத்துவதில்தான் ஆளுக்கொரு சாக்கு.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம்: உழவர் சந்தை, காய்கறி மார்க்கெட், கல்யாண மண்டபக் கழிவை மட்டுமாவது கலக்காமல் தனி வண்டியில் எடுப்பீர்களா? எடுத்தால் அதை வாங்கிக்கொள்ள நாங்கள் தயார். சாணமும் சருகும் நம்மிடம் இருக்கு.

அதுவரைக்கும், புதிதாக இயற்கை விவசாயத்துக்கு வருகிறவர்கள் சல்லிசாகக் கிடைக்கிறது என்று நகரக் கம்போஸ்ட்டை லோடு இறக்கிவிடாதீர்கள். ஆய்வறிக்கை கேளுங்கள், ஒரு கை அள்ளிச் சலித்துப் பாருங்கள். அங்ககச் சான்று வாங்கியவர்கள் சான்றளிப்பு அமைப்பிடம் எழுத்தில் அனுமதி பெற்ற பிறகே காட்டுக்குள் வண்டியை விடுங்கள்.