ரோலாவின் ஆலமரம்

சார்ஜாவில் ரோலா என்றால் நம்மவர்க்குக் கடைத்தெருவும் பஸ் நெரிசலும்தான் நினைவுக்கு வரும். அது உண்மையில் ஒரு ஆலமரத்தின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம் என்பார்கள். அந்த வெயிலிலும் உப்புக் காற்றிலும் பெரும் நிழலாய் நின்றது. பெருநாளில் கிளைகளில் ஊஞ்சல் கட்டி ஆடுவார்கள். சனம் அதனடியில்தான் கூடும். நம் ஊர்களில் ஆலடிச் சந்தி எப்படியோ, அப்படி.

1978இல் மரம் பட்டுப்போனது. பூங்காவில் இப்போது நிற்பது அதன் நினைவுச் சிற்பம். ஆனாலும் விடுமுறை நாளில் தமிழும் மலையாளமும் வங்காளமும் பேசுவோர் அங்கே வந்து குந்துகிறார்கள். ஊர்ப் புதினம், வேலை, அறை வாடகை எல்லாம் அங்கேதான், வட்ஸ்அப் வந்த பிறகும்.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கும் உறவுகள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் எமிரேட்ஸ் சேரவில்லை. இங்கே நம் கையில் இருப்பது வேலையோடு கட்டிய வீசா. வேலை போனால், தவணைக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையேல் பயணச்சீட்டு. இங்கே பிறந்த நம் பிள்ளைக்கும் பிறப்பால் குடியுரிமை கிடையாது. அதனால் ரோலாவில் ஒருவர் "எப்ப ஊருக்கு?" என்று கேட்டால், அது சும்மா கேட்கும் சுகம் விசாரிப்பல்ல.