கண்ணாடி போகும், கிட்டப்பார்வை போகாது

1981 நவம்பரில், அமெரிக்காவின் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு மறுநாள், விருந்தில் மிஞ்சிய வான்கோழியோடு ஆய்வகத்துக்குப் போனார் ஒரு வேதியியலாளர். இடம், நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள ஐ.பி.எம். ஆராய்ச்சி மையம். அவர், மதராஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். அந்த வான்கோழியில் 193 நானோமீட்டர் எக்ஸைமர் லேசர் பட்ட இடத்தில் பள்ளம் சுத்தமாக விழுந்தது; சுற்றியிருந்த சதை கருகவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகக் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் கைகோத்த பிறகு, அந்த ஒளி கருவிழியைச் செதுக்கும் கருவியானது.

அந்தக் கருவியால் செய்யும் லேசிக் சிகிச்சைக்கு இன்று ஊருக்கு ஊர் விளம்பரம். சில நிமிட வேலை, மறுநாள் கண்ணாடி வேண்டாம் என்கிறார்கள். பெரும்பாலானோருக்கு அது உண்மையும்கூட. ஆனால், அந்தச் சில நிமிடத்தில் கண்ணில் எது மாறியது, எது மாறவில்லை என்பதை விளம்பரம் சொல்வதில்லை.

கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்துக் குவிப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வேலை கருவிழியுடையது. நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். சராசரியாக 540 மைக்ரான். கிட்டப்பார்வை உள்ள பலருக்கு விழிக்கோளம் நீண்டிருக்கும். பிம்பம் விழித்திரைக்கு முன்பே விழுந்துவிடும். லேசர் அந்த நீளத்தைத் தொடுவதே இல்லை. முன்பக்க வளைவைத் தட்டையாக்கி, பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் மைனஸ் 8 பவர் இருந்தவர் கண்ணாடியைத் தூக்கிப் போட்ட பிறகும், விழித்திரை கிழியும் ஆபத்து அவரை விட்டுப் போவதில்லை. வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை அவருக்கு அவசியம்.

லேசிக்கில் முதலில் 100 முதல் 120 மைக்ரான் தடிமனில் மேல் படலத்தை அறுத்து, புத்தக அட்டையைப் போல ஒரு பக்கம் திருப்பி வைப்பார்கள். உறிஞ்சு வளையம் அழுத்தும்போது சில நொடிகள் பார்வை மங்கி இருட்டும். பிறகு டிக் டிக் என்று லேசர் சத்தம், முடி பொசுங்குவது போன்ற வாடை. பயப்பட வேண்டாம், கண்ணில் எதுவும் எரியவில்லை. ஒவ்வொரு துடிப்பும் திசுவின் பிணைப்புகளை உடைத்து, கால் மைக்ரான் அளவில் ஆவியாக்குகிறது.

இங்கேதான் கணக்கு வருகிறது. 6 மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு டையாப்டர் பவரைக் குறைக்க 12 முதல் 15 மைக்ரான் திசு போகும். மேல் படலத்துக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். 300 இருந்தால்தான் கத்தியை எடுப்பேன் என்கிற மருத்துவர்களும் உண்டு. 540 மைக்ரான் கருவிழியில் மைனஸ் 5 சுலபம். 490 மைக்ரானில் மைனஸ் 9 என்றால், வேண்டாம் என்று சொல்பவரே நல்ல மருத்துவர். மிச்சம் போதாவிட்டாலும், கூம்புக் கருவிழி நோயின் ஆரம்ப அடையாளத்தைக் கவனிக்காமல் விட்டாலும், கருவிழி மெல்ல முன்னோக்கிப் புடைக்கலாம். கருவிழியின் வரைபட ஸ்கேன் எடுக்காமலே தேதி கொடுக்கிறார்களா? எழுந்து வந்துவிடுங்கள்.

திருப்பி மூடிய படலத்தின் ஓரம் சீக்கிரம் ஆறிவிடும். ஆனால், நடுப்பகுதி பழைய வலுவோடு ஒருபோதும் ஒட்டுவதில்லை. பல வருடம் கழித்துப் பலமாக அடிபட்டு அது விலகியவர்களும் இருக்கிறார்கள். அறுபட்ட நரம்புகள் திரும்ப வளர மாதங்கள் ஆகும். அதுவரை கண் உலர்ந்து உறுத்தும், சொட்டு மருந்தும் கையுமாகத்தான் இருக்க வேண்டும். உடம்பும் சும்மா இருப்பதில்லை. செதுக்கிய பள்ளத்தை நிரப்பப் பார்ப்பதுபோல, கருவிழியின் மேல்தோல் நடுவில் கொஞ்சம் தடித்துக்கொள்ளும். கொஞ்சம் பவர் திரும்பி வர அதுவும் ஒரு காரணம்.

இரவுப் பார்வை தனிக் கதை. இருட்டில் கண் பாப்பா விரியும்போது, செதுக்கிய வட்டத்தின் விளிம்பு வழியாகவும் ஒளி நுழைகிறது. எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். பலருக்குச் சில மாதங்களில் குறையும், சிலருக்கு நிலைத்துவிடும். இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. மைனஸ் 2.5 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிப்பார். அவருக்கு லேசர் செய்தால் தூரம் பளிச்சென்று தெரியும். பேப்பர் படிக்கக் கண்ணாடி தேடுவார். வெள்ளெழுத்தை இந்தச் சிகிச்சை தடுக்காது.

வயதானபின் வரும் சிக்கல் இன்னொன்று. மெலிந்த கருவிழியில் கண் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். கண்ணழுத்த நோய் மறைந்தே இருக்கலாம். கண்புரைக்கு வைக்கும் லென்ஸின் பவர் கணக்கும், வழக்கமான சூத்திரத்தில் போட்டால் தப்பாக வரும். லேசர் செய்துகொண்டவர் அதை எந்தக் கண் மருத்துவரிடமும் மறக்காமல் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முந்தைய பவர், கருவிழித் தடிமன், வளைவு அளவுகள் உள்ள காகிதங்களை மருத்துவமனையில் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.