ஈரல் நோயாளரின் நோவும் அயர்வும்



பேரச்சம் வந்துற்றவிடத்து "ஈரற்குலை நடுங்கிற்று" என்று கூறுதல் நம்மவர் வழக்கு. அச்சம் குடிகொள்ளும் இடம் ஈரல் என்று நம் முன்னோர் எண்ணினர் போலும். உண்மையை நோக்கினால், உடலுறுப்புக்களுள் ஈரலைப் போல ஆரவாரமின்றித் தன் கருமத்தைச் செய்வது பிறிதொன்றில்லை எனலாம். வலப்பக்கத்து விலாவெலும்புகளின் கீழே, வளர்ந்தோரிடத்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் நிறையுடையதாய் அமர்ந்து, உண்ட உணவின் சாரத்தைப் பக்குவப்படுத்தியும், நாளைக்கு வேண்டியதைச் சேமித்தும், குருதியிற் கலந்த நஞ்சினை முறித்தும், பித்தநீரைச் சுரந்தும் அல்லும் பகலும் உழைப்பது அது. பெரும்பகுதி பழுதடையும் வரையில் அது முறையிடுவதில்லை. முறையிடத் தொடங்கும்போதும் அம்முறைப்பாடு "உடம்பு ஏலாமல் இருக்கிறது" என்ற மூன்று சொற்களிலே அடங்கிவிடுகின்றது. கேட்பவரோ அதனைச் சோம்பல் என எண்ணி அப்பாற் போய்விடுகின்றனர்.

நோயை மாற்றும் வழி கூறுதல் வைத்தியர் தொழில். என் தொழில் அன்று. நீண்டகால ஈரல் நோயுடன் வாழ்பவர் நாடோறும் எதிர்ப்படும் நோவையும் அயர்வையும் எவ்வாறு சமாளிக்கலாம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

ஈரல் நெடுங்காலம் புண்பட்டும் ஆறியும், மீண்டும் புண்பட்டும் ஈற்றில் தழும்பேறி இறுகிப்போவதைச் சிரோசிஸ் என்பர். 1819 ஆம் ஆண்டில் அதற்கு அப்பெயரிட்டவர் பிரெஞ்சு வைத்தியர் லாயெனெக். வைத்தியர் கழுத்தில் இன்றும் தொங்கும் ஸ்தெதஸ்கோப்பை முதன்முதல் ஆக்கியவரும் அவரே. நோயுற்ற ஈரல் மஞ்சள் கலந்த கபில நிறமாய் இருக்கக் கண்டு, அந்நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து பெயரை எடுத்தார். நிறத்தைச் சொல்லும் பெயரே அது; காரணத்தைச் சொல்வதன்று. நம் ஊர்களிலோ அந்நோயின் பெயரைக் கேட்ட மாத்திரத்திலே காரணத்தை நாமே கற்பித்துவிடுகின்றோம். ஈரல் நோய் என்றால் குடி என்பது பலருடைய தீர்ப்பு. மது ஈரலை அழிப்பது மெய்யே. ஆயினும் பி, சி என்னும் வைரசுகளாலும், சலரோகம், உடற்பருமன் ஆகியவற்றோடு ஈரலிற் கொழுப்புச் சேர்வதாலும் அந்நோய் வருகின்றது. கம்பகா மாவட்டத்து இராகமையில் 35 முதல் 64 வயது வரையுள்ளோரிடையே நடத்தி 2009 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மதுவின் காரணமின்றியே ஈரலிற் கொழுப்புப் படிந்திருக்கக் காணப்பட்டது. அவர் அனைவரும் சிரோசிசை அடைவாரல்லர், சிலர் அடைவர்.

எனக்குக் கீழே பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர் அச்சிலருள் ஒருவர். கள்ளையும் சாராயத்தையும் நாவினால் அறியாதவர். அவருக்குச் சிரோசிஸ் என்ற செய்தி பரவியதும், "மாஸ்ரர் இரகசியமாகக் குடித்தாராக்கும்" என்று ஊர் பேசிற்று. நோயினால் வந்த அயர்வைக் காட்டிலும் அப்பேச்சினால் வந்த அயர்வு பெரிதென்று அவர் ஒருமுறை என்னிடம் கூறினார். குடித்ததனாலேயே நோயுற்றவர்க்கும் ஏச்சு மருந்தாவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கின்றேன்.

இனி நோவைப் பற்றிப் பார்ப்போம். ஈரலின் உட்பகுதிக்கு நோவை உணரும் நரம்புகள் இல்லை. அதனைப் போர்த்திருக்கும் மெல்லிய உறைக்கே அவ்வுணர்ச்சி உண்டு. ஈரல் வீங்கி உறை இழுபடும்போது வலப்பக்க விலாவின் கீழே ஒரு பாரமும் மந்தமான நோவும் தோன்றும். சிலவேளை வலத் தோள்மூட்டு நோகும். தோளுக்கும் ஈரலுக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வியக்கலாம். ஈரலின் மேலுள்ள உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பும் தோட்புறத்துத் தோலின் நரம்புகளும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன. ஆதலின் செய்தி எங்கிருந்து வந்தது என்பதில் மூளை மயங்கிவிடுகின்றது. தோளுக்கு எண்ணெய் தேய்த்துப் பயனில்லாமற் போவது இதனாலேயே. வயிற்றில் நீர் கட்டுவதனாலும் இறுக்கமும் முதுகுநோவும் உண்டாகும்.

நோவு வந்தால் நம்மவர் முதலிற் போவது மருந்துக்கடைக்கே. பெரிய ஆபத்து இவ்விடத்திலேதான் இருக்கின்றது. மூட்டுநோவுக்கும் பல்நோவுக்கும் வாங்கி விழுங்குகின்ற ஐபுபுரோபன், டைக்குளோபெனாக் முதலிய குளிசைகளும், நோவுக்காக எடுக்கும் அஸ்பிரினும் சிரோசிஸ் உள்ளவர்க்கு ஆகா. அவை சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியைக் குறைத்து அதனைச் செயலிழக்கச் செய்யலாம். வயிற்றில் நீர் கட்டுவதை மிகுவிக்கும். உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் குருதி பெருகவும் ஏதுவாகும். பரசிற்றமோல், அதாவது நாம் பனடோல் என்று வழங்கும் குளிசை, ஈரலுக்கு நஞ்சு என்று கேள்விப்பட்டு அதனை விலக்கி, மேற்சொன்னவற்றை விழுங்குவோர் பலர். அளவு மீறினால் அது ஈரலை அழிக்கும் என்பது உண்மையே. ஆனால் அளவறிந்து கொண்டால் ஈரல் நோயாளர்க்குப் பெரும்பாலும் ஏற்றதென வைத்தியர் தெரிவுசெய்வது அதுவே. நலமுள்ள வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு என்பது மேலெல்லை. சிரோசிஸ் உள்ளவர்க்கு அதிற் பாதியாகிய 2 கிராமுக்கு மேற்படாமல் வைத்தியர் பெரும்பாலும் வரையறுப்பர். மெலிந்தவர்க்கும் மது அருந்துவோர்க்கும் இன்னும் குறையலாம். தடிமனுக்கென விற்கும் கலவைக் குளிசைகளிலும் பரசிற்றமோல் இருப்பதுண்டு. அதனையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். அபின் வகையைச் சேர்ந்த வன்மையான நோவு மருந்துகள் மலச்சிக்கலையும் மதிமயக்கத்தையும் வருவிக்குமாதலால் அவற்றை வைத்தியரின் நேர்க் கண்காணிப்பிலன்றிக் கொள்ளலாகாது.

இராக்காலத்திற் கெண்டைக்கால் பிடித்திழுக்கும் நோவு இவர்களுக்கு வழமையானது. காலை நீட்டிப் பாதத்தை முழந்தாளை நோக்கி மடக்கிப் பிடித்தால் தணியும். இவ்விடயத்தில் ஒரு புதுமை. 2022 இல் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், பிடிப்புத் தொடங்கியவுடன் ஊறுகாய்ப் புளிநீரை ஒரு வாய் அருந்தியவர்களுக்குப் பிடிப்பின் கடுமை குறைந்ததாகக் கண்டனர். புளிப்புத் தொண்டையின் நரம்பைத் தூண்டுவதே காரணம் எனக் கருதுகின்றனர். அது வினாகிரியில் ஊறிய கெக்கரிக்காயின் நீர். நம் தேசிக்காய் ஊறுகாயன்று. இதனைக் கேட்டு எவரேனும் ஊறுகாய்ப் போத்தலைத் திறப்பாராயின் அப்பழி என்னைச் சேர்வதாகுக. வயிற்றில் நீர் கட்டியவர்க்கு நாள் முழுவதற்குமான உப்பு ஒரு மட்டத் தேக்கரண்டி, ஏறத்தாழ 5 கிராம். கருவாடும் அப்பளமும் மோர்மிளகாயும் ஊறுகாயும் அவர் வீட்டு மேசையில் இராமையே நன்று.

அயர்வுக்கு வருவோம். களைப்பு என்றும் அயர்வு என்றும் தமிழில் இரு சொற்கள் உள்ளன. இரண்டையும் நாம் கலந்தே வழங்குகின்றோமாயினும், இப்பேச்சின் அளவில் வேறுபடுத்திக்கொள்வோம். தோட்டம் கொத்தியவனுக்கு வருவது களைப்பு. உறங்கி எழுந்தால் அது போய்விடும். ஈரல் நோயாளருக்கு வருவது உறங்கி எழுந்தபோதும் உடன் எழுவது. கை கால்கள் மட்டுமன்றி எண்ணமும் கனத்துப்போகும். வாசித்த வரியையே மீண்டும் வாசிக்க நேரும். இவ்வயர்வு ஈரலின் பழுதுக்கு ஏற்ற அளவாகவும் வருவதில்லை. பித்தக்குழாய்களை உடலின் தற்காப்பாற்றலே தாக்குகின்ற ஈரல் நோயொன்று உண்டு. பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கே அது வருவது. அதில் ஈரற்பழுது சிறிதாயிருக்கும்போதே அயர்வு பெரிதாயிருக்கலாம். ஈரலைக் காக்க அவர்க்குக் கொடுக்கும் அர்சோடிஒக்சிகோலிக் அமிலம் அயர்வை நீக்குவதில்லை. ஆதலின் "குருதிப் பரிசோதனை நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் படுத்திருக்கிறாய்?" என்று மனைவியையோ தாயையோ கேட்பது அறிவுடைமையன்று.

அயர்வை ஒரேயடியாக நீக்கும் குளிசை இன்னும் இல்லை. எனினும் அதனைப் பெருக்கும் துணைக்காரணங்கள் பல. அவற்றுட் பல நீக்கத்தக்கன. குருதிச்சோகை, தைரொயிட்டுச் சுரப்புக் குறைவு, கட்டுப்படாத சலரோகம், மனச்சோர்வு, உறக்கம் கெடுக்கும் தோலரிப்பு என்பன வைத்தியர் தேடிப் பார்க்கவேண்டியவை. கல்லீரற் குருதிக்குழாயின் அழுத்தத்தைத் தணிக்கக் கொடுக்கும் குளிசைகளும் சிலர்க்கு அயர்வு தரும். அவற்றைத் தாமாக நிறுத்துதல் ஆபத்து, சொல்லி அளவை மாற்றுவித்தல் முறை. சி வைரசினால் நோயுற்றவர்க்கு இன்றுள்ள மருந்துகள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோரிடத்து வைரசை அறவே ஒழிக்கின்றன. அவருட் பலர்க்கு அயர்வும் குறைகின்றது.

உணவைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லல் வேண்டும். நலமுள்ள ஈரல் இரவு முழுவதற்குமான சர்க்கரையைத் தன்னிடத்தே சேமித்து வைத்திருக்கும். தழும்பேறிய ஈரலால் அது இயலாது. ஓரிரவு உணவின்றிக் கிடக்கும் சிரோசிஸ் நோயாளரின் உடல், நலமுள்ளவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்த நிலையை அடைந்துவிடுகின்றது. சேமிப்பு இல்லாதவன் வீட்டுப் பண்டத்தை விற்று உண்பது போல, உடல் தன் தசையையே கரைத்து எரிக்கின்றது. தசை கரைந்தால் அயர்வு மிகும். குருதியின் அமோனியாவை அகற்றும் வேலையிலும் தசைக்குப் பங்குண்டாதலால் மதிமயக்கமும் மிகும். எனவே படுக்கைக்குப் போகுமுன் ஒரு சிற்றுண்டி இன்றியமையாதது. இரண்டு துண்டு பாணும் ஒரு கோப்பை பாலும் போதும். காலையில் எழுந்தவுடனும் காலந் தாழ்த்தாது உண்ணல் வேண்டும். மீனும் முட்டையும் பருப்பும் ஈரலுக்கு ஆகா என்று முன்னர் விலக்கினர். அக்கொள்கை இப்போது கைவிடப்பட்டது. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பதே இன்றைய விதி.

கந்தசட்டிக்கு ஆறு நாள் இளநீருடன் இருப்பவர் நம்மிடையே பலர். சிரோசிஸ் உள்ளவர் அவ்விரதத்தை மேற்கொள்ளலாகாது. அன்பர் மனம் புண்படுமென்று இதனைச் சொல்லாது விட முடியவில்லை. இஸ்லாமிய நெறியும் நோயாளர்க்கு நோன்பிலிருந்து விலக்களித்திருக்கின்றது.

உறக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. பகலெல்லாம் தூங்கி வழிதலும் இரவெல்லாம் விழித்திருத்தலும் ஒருவர்க்குப் புதிதாகத் தொடங்கினால், அது மூளையில் அமோனியா முதலிய கழிவுகளின் தாக்கம் மிகுவதற்கு முன்னறிகுறியாகலாம். அத்தகையவர் நித்திரைக் குளிசை கொள்வது எரியும் வீட்டில் விளக்கை அணைப்பது போலாம். இதற்கு வைத்தியர் தருவது லக்ரியூலோஸ் என்னும் பாகு. நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவை மலம் இளகிப் போகும்படி அதன் அளவை அமைப்பர். மலம் போகின்றதே என்று அஞ்சி அதனை நிறுத்துவோர் உளர். போகவேண்டும் என்பதற்காகவே அது தரப்படுகின்றது.

அயர்வுற்றவர் படுத்தே கிடத்தல் தகுமா? தகாது. கிடக்கக் கிடக்கத் தசை கரையும் என்பதை முன்னரே கண்டோம். வைத்தியர் இசைந்தால், தெரு முடக்கு வரை நடத்தலும், கதிரையிலிருந்து பத்து முறை எழுந்திருத்தலும் போதிய தொடக்கம். மற்றையது கணக்கு. மாதச் சம்பளக்காரர் சம்பளத்தை முதல் வாரத்தில் செலவிடாதது போல, நாளின் கையிருப்பாகிய வலுவையும் பகிர்ந்து செலவிடல் வேண்டும். நல்ல வலுவுள்ள நாளில் வீட்டு வேலை முழுவதையும் செய்து முடித்து அடுத்த மூன்று நாளும் விழுந்து கிடப்பவர் பலர். களைத்த பின் ஆறுதலினும் களைக்குமுன் ஆறுதல் நன்று. கிணற்றடியில் ஒரு கதிரை இட்டு இருந்து குளிக்கலாம். காய்கறியையும் இருந்தே நறுக்கலாம். நான் முன் குறிப்பிட்ட ஆசிரியர்க்கு நேரசூசியில் முதல் நான்கு பாடவேளைகளையும் கீழ்மாடி வகுப்புக்களையும் ஒதுக்கினோம். பிற்பகல் அவர் கொப்பி திருத்தினார். அதனால் எவர்க்கும் நட்டம் வரவில்லை. அவர் இன்னும் கற்பிக்கின்றார்.

நாட்டு மருந்தைப் பற்றிக் கேட்பீர்கள். மஞ்சட் காமாலைக்குக் கீழ்காய்நெல்லி நம் பாட்டிமார் கண்ட மருந்து. 1988 இல் சென்னை ஆய்வாளர், பி வைரசைக் கண்டறிந்து நோபெல் பரிசு பெற்ற புளும்பேர்க்குடன் சேர்ந்து, அதனை நல்கிப் பயன் கண்டதாக எழுதினர். பின்னர் பிறநாடுகளில் நடந்த சோதனைகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. சீந்திற்கொடியை உட்கொண்டு ஈரல் பழுதுற்றோர் பற்றி 2021 இல் மும்பாயிலிருந்து அறிக்கை வந்தது. இலை தழை என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

காய்ச்சலோடு வயிற்றுநோவு, குருதி வாந்தி, கரிய மலம், பேச்சில் தடுமாற்றம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் மறுநாள் வரை பாராது வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும். ஏனைய நாட்களுக்கு ஒரு கொப்பி போதும். எந்த வேளையில் அயர்வு மிகுந்தது, எங்கே நொந்தது, எத்தனை மணி உறங்கினார், காலையில் உடல்நிறை எவ்வளவு என்று நாளுக்கு இரண்டு வரி எழுதிவரின், கிளினிக்கில் வைத்தியர்க்கு உள்ள சில நிமிடங்கள் வீண்போகா. அதன் முதற்பக்கத்தில், உட்கொள்ளும் எல்லாவற்றின் பெயரையும், கடையில் வாங்கிய குளிசையும் வீட்டிற் காய்ச்சிய கசாயமும் விடுபடாமல் எழுதிவைப்பாராக.