ஈரோஸ்: சூரியனின் தூரத்தை அளக்க உதவிய சிறுகோள்

1898 ஆகஸ்ட் 13 அன்று பெர்லினின் ஊரானியா வானாய்வகத்தில் குஸ்டாவ் விட் வேறொரு சிறுகோளைத் தேடிப் படம் எடுத்தார். அந்தப் புகைப்படத் தகட்டில் எதிர்பாராத ஒரு கோடு, அதுவும் மிக நீளமாக, விழுந்திருந்தது. நட்சத்திரங்கள் புள்ளியாகப் பதியும். நகரும் சிறுகோள் கோடாகப் பதியும். கோடு நீண்டால் வேகம் அதிகம், பெரும்பாலும் தூரம் குறைவு. அந்தச் சிறுகோளுக்கு ஈரோஸ் என்று பெயரிட்டார்கள். பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களில் முதலில் கண்டறியப்பட்டது இதுதான்.

சூரியனிலிருந்து செவ்வாயின் சராசரி தூரம் சுமார் 22.8 கோடி கிலோமீட்டர். ஈரோஸ் சூரியனை 17 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கி வரும்; பிறகு 26 கோடியையும் தாண்டிப் போய்விடும். ஆக, 643 நாள் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் செவ்வாயின் எல்லையை உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை கடக்கிறது. அதன் பாதை சுமார் 11 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால்தான் செவ்வாய் மேல் மோதாமல், அதன் பாதைக்கு மேலேயோ கீழேயோ போய்விடுகிறது.

வானியலாளர்களை ஈர்த்தது அது பூமிக்கு வரும் நெருக்கம். கோள்களின் தூரங்கள் ஒன்றுக்கொன்று என்ன விகிதம் என்பதை கெப்ளரின் விதி சொல்லிவிடும். கிலோமீட்டர் கணக்கு தெரியாது. ஏதேனும் ஒரு தூரத்தை அளந்துவிட்டால், சூரியனின் தூரம் உட்பட மற்றவை தாமே வந்துவிடும். நீட்டிய விரலை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள், விரல் இடம் மாறும். அதேபோல, பூமியில் வெகுதூரம் தள்ளியுள்ள இரண்டு ஊர்களிலிருந்து பார்த்தால் ஈரோஸ் நட்சத்திரங்களுக்கிடையே இடம் மாறித் தெரியும். வெள்ளியைப் போல வட்டமாகப் பெரிதாகாமல் புள்ளியாகவே தெரிவதால் அளவீடு துல்லியமாக அமையும். 1930-31இல் அது நெருங்கியபோது பல நாடுகளின் வானாய்வகங்கள் சேர்ந்து படமெடுத்தன. அந்தத் தகடுகளின் அளவீடுகளைக் கொண்டு வானியலாளர் ஹெரால்ட் ஸ்பென்சர் ஜோன்ஸ் கணக்கிட்டு, 1941இல் முடிவை வெளியிட்டார். கணினி இல்லாத காலத்தில் அது எவ்வளவு பெரிய பொறுமை! பின்னாளில் வெள்ளிக்கு ரேடார் அலை அனுப்பித்தான் அதைவிடத் துல்லியமாக அளக்க முடிந்தது.

34 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் கோணல் பாறையை நாசாவின் நியர் ஷூமேக்கர் விண்கலம் 2000 பிப்ரவரியில் சுற்றத் தொடங்கியது. சிறுகோள் ஒன்றைச் சுற்றிய முதல் கலம் அதுவே. தரையிறங்குவதற்காக வடிவமைக்கப்படாத அதை, பணியின் இறுதியில், 2001 பிப்ரவரி 12 அன்று மெல்ல இறக்கினார்கள். ஈர்ப்பு மிகக் குறைவு என்பது அங்கே கைகொடுத்தது. 60 கிலோ மனிதரின் எடை அங்கே 50 கிராம்கூட வராது. இறங்கிய பின்னும் இரண்டு வாரங்கள் கலம் தகவல் அனுப்பியது.

2056 ஜனவரியில் ஈரோஸ் நமக்குச் சுமார் 2.2 கோடி கிலோமீட்டர் தூரத்துக்கு வரும். அப்போது அதைப் பார்க்க நல்ல பைனாகுலர் ஒன்று போதும்.