மீசை அரும்பும் பிராயம்

உங்கள் வீட்டில் 13, 14 வயதில் ஒரு பிள்ளை இருக்கிறானா? நேற்று வரை முந்தானையைப் பிடித்துக்கொண்டு சமையலறையையே சுற்றி வந்தவன், இன்று முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கண்ணாடி முன் நின்று கால் மணி நேரம் தலை வாருகிறான். வாசலில் சிநேகிதன் குரல் கேட்டால் போதும், காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுகிறான். "இவனுக்கு என்ன வந்துவிட்டது?" என்று கவலைப்படுகிறீர்கள், அல்லவா?

அப்படியானால் 1979-ல் வெளிவந்த 'அழியாத கோலங்கள்' படத்தை ஒரு தடவை பாருங்கள்.

படத்தை இயக்கியவர் பாலு மகேந்திரா. இலங்கையில் மட்டக்களப்புக்கு அருகே அமிர்தகழியில் 1939-ல் பிறந்தவர்; புனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். தமிழில் அவர் இயக்கிய முதல் படம் இதுதான். கதைக்காக அவர் வெகு தூரம் போகவில்லை. தம்முடைய பால்ய நினைவுகளையே எடுத்துக்கொண்டார். காமிராவையும் அவரே கையாண்டார். இசை, வங்காளத்து ஸலில் சௌத்ரி.

ஒரு கிராமம். இணைபிரியாத மூன்று பள்ளிக்கூடத்துப் பையன்கள். ஊருக்குப் புதிதாக இந்துமதி என்றோர் ஆசிரியை வருகிறாள். பையன்களின் மனத்தில் இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு தவிப்பு! அவளுக்கோ ஏற்கெனவே மனத்துக்கு இசைந்தவர் ஒருவர் இருக்கிறார்.

சில இடங்கள் உங்களுக்குக் கூச்சமாகக்கூட இருக்கலாம். ஆனால் பையன்களை டைரக்டர் கேலி செய்யவில்லை. குற்றவாளிக் கூண்டிலும் ஏற்றவில்லை. தாமும் அப்படி இருந்தவர்தானே!

பிறகு ஒரு நாள், மூவரில் ஒருவன் நீரில் மூழ்கி இறந்துபோகிறான். அத்துடன் மற்ற இருவரின் பிள்ளைப் பிராயமும் முடிந்துவிடுகிறது. வளர்ந்து ஆளான பின்பு அந்த நாட்களை நினைத்துப் பார்ப்பவராகக் கமல்ஹாசன் சிறிது நேரமே வருகிறார்.

இன்னொரு விஷயம். ஆசிரியையாக நடித்த ஷோபாவுக்கே அப்போது 17 வயதுதான்! படம் வெளிவந்த சில மாதங்களில், 1980 மே மாதம், அவரும் காலமானார். பாலு மகேந்திரா 2014-ல் மறைந்தார்.

வாசலில் நாம் போடும் கோலம் பொழுது சாய்வதற்குள் கலைந்துவிடும். மறுநாள் வேறு போட்டுக்கொள்கிறோம். அந்த வயதில் மனத்தில் விழும் கோலம் அப்படியல்ல.

ஆகவே, இன்று மாலை உங்கள் பிள்ளை நேரம் கழித்து வீடு திரும்பினால், அதட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் பொறுங்கள். யாரோடு போனான், எங்கே போனான் என்று பரிவாகக் கேளுங்கள். அந்தச் சிநேகிதர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லுங்களேன்!